அத்தான் ஒட்டிய கட்டில்

என் அக்காவின் கணவர் தையல்காரர். கடைக்கு வருகிறவர்கள் மாஸ்டர் என்பார்கள், நான் அத்தான் என்பேன். முப்பத்து நான்கு வருஷமாகத் துணி வெட்டுகிறார். இத்தனை வருஷத்தில் அவர் வெட்டிய எதுவும் தவறாகப் போனதில்லை. இதை நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார்.

கால்சட்டை இடுப்பில் பிடிக்கிறது என்று யாராவது வந்து நின்றால், "போன தடவைக்கு இப்ப கொஞ்சம் பூசினாப்பல ஆயிட்டீங்க" என்பார். தொளதொளவென்று இருந்தால், "உடம்பப் பார்த்துக்கங்க, எளைச்சுட்டீங்க" என்பார். கை குட்டையாகப் போனால் துணி சுருங்கிவிட்டது. பித்தான் துளை தள்ளிப்போனால் பித்தான் சரியில்லை. சட்டையைக் குறை சொல்ல வந்தவர் தன் உடம்பைப் பற்றிய கவலையோடு வீட்டுக்குப் போவார். என் கல்யாணத்துக்கு அவர் தைத்துத் தந்த கால்சட்டை கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. அளவு எடுத்த பிறகு நான் வளர்ந்துவிட்டேன் என்றார். அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது.

ஆள் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "விட்டுட்டுப் போங்க, உங்களுக்காகக் கொஞ்சம் தளர்த்தித் தரேன்" என்று வாங்கிவைத்து, மறுநாள் கச்சிதமாகத் தைத்துக் கொடுத்துவிடுவார். தவறைத் திருத்துவதில் அவர் சோம்பியதே கிடையாது. ஒத்துக்கொள்வதற்குத்தான் வாய் வராது. அக்கா ஒருமுறை என்னிடம், "என் தப்புதான்னு இந்த மனுஷன் வாயால ஒரு தடவை கேட்டுட்டா போதும்டா, நான் நிம்மதியா கண்ண மூடுவேன்" என்றாள். அப்படியானால் நீ நூறு வயது இருப்பாய் என்று சொன்னேன்.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் இரும்புப் பைத்தியம் பிடித்தது. கடையிலிருந்த பழைய ரேடியோ ஒருநாள் வாயை மூடிக்கொண்டது. பக்கத்துக் கடை ரிப்பேர்காரர் அதைத் திறந்து, விட்டுப்போயிருந்த வயரைப் பிடித்து, சூடான சால்டரிங் கோலை வைத்து ஈயக் கம்பியால் தொட்டார். ஈயம் ஒரு நொடி முத்துப்போல நின்றது. அப்புறம் சட்டென்று வயருக்குள் இறங்கிப் பளபளத்தது. ரேடியோ பேச ஆரம்பித்தது. அத்தான் ரேடியோவைக் கவனிக்கவேயில்லை. "நூலே இல்லாம தைச்சுட்டியேய்யா" என்றாராம்.

மறுநாளே ஒரு சால்டரிங் கோல் வீட்டுக்கு வந்தது. மேசை விளக்கு, அழைப்பு மணி, அக்காவின் காதணி, எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. மட்டமான மரம் என்று சொல்லி அதன் மேல் தண்ணீர்ச் செம்பை வைத்தார். அழைப்பு மணி இரண்டு நாள் அடித்துவிட்டு நின்றது. திறந்து பார்த்தால் ஈயம் வயரின் மேல் உருண்டையாக உட்கார்ந்திருந்தது, விரலால் தட்டியதும் கழன்று விழுந்தது.

"மாஸ்டர், வயர சூடு பண்ணாம ஈயத்த மட்டும் உருக்கி வச்சா இப்படித்தான்" என்றார் ரிப்பேர்காரர். "சூடு உள்ள போகணும்."

"இந்த வயர்ல ஏதோ கோளாறு இருக்கு" என்றார் அத்தான்.

ஈயத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் ஆசை ஈயத்திலிருந்து இரும்புக்குத் தாவியது. ஊர்க்கோடியில் இருந்த தொழிற்பயிற்சிக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் காலையில் யார் வேண்டுமானாலும் வந்து வெல்டிங் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அத்தான் போய்ச் சேர்ந்தார். நான் பார்சல் வேன் ஓட்டுகிறவன். சனிக்கிழமை என் பாதை அந்தப் பக்கம் என்பதால் அவரைக் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் என் தலையில் விழுந்தது.

தகரக் கூரை போட்ட கொட்டகை அது. நான்கு தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் கறுத்த திரை, நடுவில் ஒரு நீள மேசை, அதன் விளிம்பில் வரிசையாகப் பிடிப்பு வைஸ்கள். அத்தானோடு படித்தவர்கள் ஒரு பல் டாக்டர், ஒரு நூலகர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். யாருக்கும் இது பிழைப்பு இல்லை, ஆசைதான். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எட்டு வருஷம் கப்பல் கட்டும் இடத்தில் குறுகிய தொட்டிகளுக்குள் படுத்துக்கொண்டு வெல்டிங் வைத்தவர். முன்னங்கையெல்லாம் பொறி பட்ட புள்ளிகள். எல்லோரும் மேடம் என்றார்கள். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும் அத்தானும் மேடம் என்றார், கொஞ்சம் மென்று விழுங்கித்தான்.

முதல் நாளே மேடம் இரண்டு விஷயம் சொன்னாராம். ஒன்று, முகமூடி இல்லாமல் அந்த வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாது. இரண்டு, முதல் வருஷம் முழுக்க யாரும் உட்காருகிற, ஏறுகிற, தொங்குகிற எந்தப் பொருளையும் செய்யக்கூடாது. "பூந்தொட்டி வைக்கிற ஸ்டாண்டு செய்யுங்க, செருப்பு வைக்கிற ஸ்டாண்டு செய்யுங்க. செருப்பு கீழ விழுந்தா அழாது" என்றாராம்.

இரண்டாவது வாரமே அத்தான் முதல் விதியை மீறினார். முகமூடியைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிய, ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துக்கிடந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். வேனில் வரும்போது தூசி விழுந்துவிட்டது என்றார். என் வேன் ஜன்னல்தான் காரணமாம்.

ஆனால் கை என்னவோ அவருக்கு நன்றாகவே படிந்தது. முப்பத்து நான்கு வருஷம் துணியைத் தையல் மிஷினுக்குள் நேராகத் தள்ளிய கை. கோடு போட்டதுபோல் ஒட்டு வைப்பார். வைத்த உடனே அரைக்கும் மிஷினை எடுத்து ஒட்டின் மேல் எழும்பிய தழும்பை வழவழவென்று சீவிவிடுவார். கையால் தடவினாலும் எங்கே ஒட்டியது என்று தெரியாது. மேடத்துக்கு இது பிடிக்கவில்லை.

"ஏன் சார் எல்லாத்தையும் சீவறீங்க? அது இருக்கறதுதான் பலம்."

"தையல் வெளிய தெரிஞ்சா அது தையலா மேடம்?"

மேடம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த தடுப்புக்குப் போய்விட்டாராம். இதை அத்தான் தான் ஜெயித்த கதையாக எனக்குச் சொன்னார். சொல்லும்போது முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அந்த மனிதரை நான் அப்படிச் சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அதனால் எதிர்த்துப் பேசவில்லை.

இனி அவருடைய மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள். பதினாலு வருஷத்துக்கு முன்னால், படிப்பு முடித்து முதல் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போவதற்காக அத்தான் அவளுக்கு ஒரு நீலக் கோட்டு தைத்தார். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள், "இடது பக்கம் ஒரு மாதிரி இழுக்குதுப்பா, தோள் கீழ எறங்கி இருக்கு" என்றாள். நானும் அங்கேதான் இருந்தேன். அத்தான் இரண்டடி பின்னால் போனார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கோட்டு சரியாதான் இருக்கு. உனக்கு இடது தோள் பிறவியிலேயே கொஞ்சம் எறக்கம். நீ நேரா நில்லு."

அவள் நேராக நின்றாள். அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் இருக்கிறாள். இடது தோளை ஒரு சின்ன உந்து உந்தித் தூக்கி வைத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. கல்யாண போட்டோவில், அலுவலக அடையாள அட்டையில், பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கும் படத்தில், எல்லாவற்றிலும் அந்தத் தோள் மேலேறி இருக்கும். அந்த வேலை கிடைக்கவில்லை, வேறு வேலை கிடைத்தது, அது வேறு கதை. ஆனால் அந்தக் கோட்டுக்குப் பிறகு அவள் அப்பாவிடம் எதையும் தைக்கக் கொடுத்ததில்லை. சண்டை ஒன்றும் இல்லை. வேனில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள், போன் செய்வாள், நலம் விசாரிப்பாள், அம்மாவிடம் கொடுங்கள் என்பாள். அத்தானுக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். எந்தத் துணி புதிதாக வந்தாலும், "பாப்பாவுக்கு நல்லா இருக்கும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

அவளுக்கு இரட்டைப் பெண்கள், ஆறு வயது. வீட்டில் இருப்பதே இரண்டு சின்ன அறை. யாரோ சிநேகிதி வீட்டில் இரண்டடுக்குக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து இரண்டும் ஒற்றைக்காலில் நின்றன. ஒருநாள் போனில், "தாத்தா, நீங்கதான் இரும்பு ஒட்டறீங்களே, நீங்க செய்யுங்க" என்று கேட்டுவிட்டன. பின்னாலிருந்து மகளின் குரல் தயங்கியது. "சும்மா கேக்குதுங்கப்பா. உங்களால சரியா வரும்னா பண்ணுங்க."

பதினாலு வருஷத்துக்குப் பிறகு வந்த ஆர்டர். அத்தானுக்குக் காலே தரையில் பாவவில்லை. சொந்தமாக ஒரு சின்ன வெல்டிங் மிஷின் வாங்கி, கடைக்குப் பின்புறம் வைத்துக்கொண்டு, சதுரக் குழாய்களை வெட்டி மூன்று வாரம் வேலை செய்தார். மேடத்திடம் தொட்டி வைக்கிற ஸ்டாண்டு செய்வதாகச் சொன்னார். "பெரிய தொட்டியா சார்?" என்று கேட்டாராம். ஆமாம், இரண்டு தொட்டி என்றாராம்.

அந்த மூன்று வாரத்தில் அவர் ஒரு தையல்காரரால் மட்டுமே செய்யமுடிந்த தவறைச் செய்தார். தையல்காரர் ஒரு தையலை ஆரம்பித்தால் முடிக்காமல் கையை எடுக்க மாட்டார். அத்தான் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தை அப்படித்தான் ஒட்டினார். ஒரு மூலையை முழுக்க முடித்து, அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை என்று வரிசையாகப் போனார். இரும்புக்கு அது ஆகாது. சூடு பட்ட பக்கம் சுருங்கி இழுத்துச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதனால் எதிர் எதிர் மூலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். மெல்லிய குழாய் ஓட்டையாகிவிடுமோ என்ற பயத்தில் மிஷினில் சூட்டையும் குறைத்தே வைத்திருந்தார். அப்புறம் வழக்கம்போல் எல்லாவற்றையும் சீவி, வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். பார்க்க அப்படி ஒரு அழகு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் அவள் வீட்டில் மாட்டினோம். ஒரு கால் தரையைத் தொடாமல் அரை விரல் உயரத்தில் நின்றது. அத்தான் அந்தக் காலின் கீழ் ஒரு ரப்பர்த் துண்டைச் சொருகினார்.

"உங்க வீட்டுத் தரை கோணல்" என்றார்.

மகள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிள்ளைகள் ஏணியில் ஏறி மேல் தட்டில் உருண்டன. அவள் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள், ஒட்டு எங்கே என்று தேடினாள், கிடைக்கவில்லை. "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். திரும்பி வரும்போது அந்த ஒரு வாக்கியத்தை அத்தான் வேனில் எனக்கு நான்கு தடவை சொன்னார். நான்காவது தடவை அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமைதான் கொட்டகையில் உடைத்துப் பார்க்கிற நாள். எல்லோரும் தாங்கள் ஒட்டியதில் சிறந்த ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அன்று எனக்குப் பார்சல் குறைவு, உள்ளேயே போய் நின்று வேடிக்கை பார்த்தேன். நல்ல ஒட்டாக இருந்தால் அடிக்கும்போது இரும்பு வளையுமே தவிர ஒட்டு பிரியாது என்று மேடம் சொன்னார். பல் டாக்டர் கொண்டுவந்தது அசிங்கமாக, கட்டி கட்டியாக இருந்தது. மேடம் அதை வைஸில் முறுக்கிவைத்து அவரிடமே சுத்தியலைக் கொடுத்தார். ஆறு அடியில் இரும்பு மடங்கியது, ஒட்டு விடவில்லை. டாக்டர் தன் சொந்தப் பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தார்.

அத்தான் கொண்டுபோனது கட்டில் குழாயில் மிச்சம் விழுந்த இரண்டு துண்டு. தலைமாட்டுச் சட்டத்தை ஒட்டிய அதே நாளில், அதே மிஷினில், அதே சூட்டில் ஒட்டியது. கண்ணாடிபோலச் சீவியிருந்தார். கைக்குக் கை போனது. நூலகர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரே துண்டு மாதிரி இருக்கு சார்" என்றார். அத்தான் அடக்கமாக நிற்பதற்குப் படாதபாடு பட்டார்.

மேடம் வைஸில் மாட்டி, சுத்தியலை நீட்டினார். அத்தான் ஒரு அடி அடித்தார். பெரிய அடிகூட இல்லை. துண்டு இரண்டாகக் கழன்று, ஒன்று மேசைக்கடியில் உருண்டு ஓடியது.

மேடம் குனிந்து எடுத்து, முறிந்த வாயைத் திருப்பி அத்தானிடம் காட்டினார். குழாயை அறுத்தபோது விழுந்த ரம்பக் கோடுகள் அப்படியே இருந்தன. இரும்பு உருகவே இல்லை.

"நீங்க ஒட்டல சார். மேல பூசியிருக்கீங்க. பூசினதையும் சீவிட்டீங்க."

அத்தான் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறதென்று. "வெல்டிங் ராடு ஈரமா இருந்திருக்கும்" என்றார். மேடம், "இருக்கலாம்" என்று தன் பெட்டியிலிருந்து காய்ந்த ராடை எடுத்துக் கொடுத்தார். அத்தான் அதை வாங்கவில்லை. கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"வண்டிய எடு" என்று வேனில் ஏறி உட்கார்ந்தார். "பாப்பா வீட்டுக்கு."

"ரெண்டு மணி நேரம் ஆகும் அத்தான். மொதல்ல போன் பண்ணிச் சொல்லுங்க."

அவருக்குப் போனைக் காதில் வைத்துப் பேச வராது. ஸ்பீக்கரைப் போட்டு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டுதான் பேசுவார். மணி ஐந்தாறு தடவை அடித்து மகள் எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"பாப்பா, குழந்தைங்க எங்க?"

"மேல் கட்டில்லதான்பா. காலைலேர்ந்து அங்கதான் குடித்தனம். பக்கத்து வீட்டுப் பொண்ணும் வந்துடுச்சு, மூணு பேரும் ஒரே ஆட்டம்."

"அவங்கள எறக்கிடு."

"ஏம்ப்பா?"

"அது வந்து… பெயிண்ட் வாசனை. குழந்தைங்களுக்கு ஆகாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணி சுருங்கிவிட்டது என்று சொல்கிற அதே குரல். அந்தக் குரலைத் தூக்கி வேனுக்கு வெளியே எறியலாம் போல இருந்தது.

"வாசனையெல்லாம் எப்பவோ போயிடுச்சுப்பா. ஜன்னல் திறந்துதான் இருக்கு. ஆடி முடிக்கட்டும், சாப்பிடக் கூப்பிடறப்ப எறக்கிடறேன்."

போனுக்குள் தொம் தொம்மென்று குதிக்கிற சத்தம் கேட்டது. அத்தான் மடியிலிருந்த துண்டைப் பார்த்தார், அந்த ரம்பக் கோடுகளை. விரலால் ஒருமுறை தடவினார்.

"சாப்பாட்டுக்கு இல்ல, இப்பவே எறக்கு. பெயிண்ட் இல்ல பாப்பா. ஒட்டு பிடிக்கல. வெளிய பார்க்க நல்லா இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. வயரு, ராடு, தரை எதுவும் காரணம் இல்ல. என் தப்பு. நான் ஒட்டினது தப்பு. எறக்கு."

போனை எங்கோ வைக்கிற சத்தம். அவள் பிள்ளைகளை அதட்டுகிற குரல். அப்புறம் தரையில் ஒவ்வொன்றாகக் கால்கள் இறங்கும் ஓசை. ஒன்று, இரண்டு. மூன்றாவதற்கு நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மூன்றும் வந்தது.

"எறக்கிட்டேன்" என்றாள் மகள்.

நான் வேனைக் கிளப்பினேன். அங்கே போனதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் மெத்தைகளை இழுத்துப் போட்டார். என் வேனிலிருந்த சுத்தியலை வாங்கி, மேல் தட்டைத் தாங்கிய குறுக்குக் குழாயை அடித்தார். மூன்றாவது அடியில் ஒரு முனை கழன்று தொங்கியது. ஆறு நாளாக அதன் மேல் ஒரு குழந்தை தூங்கியது, அதன் கீழ் ஒரு குழந்தை தூங்கியது. மகள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு நாள்பா."

"ஆமா."

அத்தான் கழன்ற குழாய்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். அவள் வழக்கம்போல இடது தோளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"தோளை எறக்கும்மா."

"என்னப்பா, இப்பவும் அதுதானா? நேராதான் நிக்கறேன்."

"தெரியும். உன் தோள் ரெண்டும் ஒரே உயரம். அந்தக் கோட்டுல இடது தோள் துண்ட அரை இன்ச்சு கம்மியா வெட்டிட்டேன். துணி பத்தல. நீ கண்ணாடி முன்னாடி நின்னப்பவே எனக்குத் தெரியும்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். என்னையும் சேர்த்துத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு நானும்தானே பக்கத்தில் நின்று, ஆமாம் கொஞ்சம் இறக்கம்தான் என்று தலையாட்டினேன்.

"பதினாலு வருஷம்பா" என்றாள். குரல் உயரவில்லை. "பிசியோதெரபி பண்றவர்கிட்டகூடப் போனேன். உங்க தோள் நல்லாதான் இருக்குன்னாரு. எங்கப்பா டெய்லரு, அளவு எடுக்கறவருக்குத் தெரியாதான்னு அவரோட சண்டை போட்டுட்டு வந்தேன்."

சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நாங்கள் இரும்பையெல்லாம் வேனில் ஏற்றிக் கிளம்பும்போதும் அவள் வெளியே வரவில்லை. வாசல்வரை வந்த இரட்டையரில் ஒருத்தி, "வேன் தாத்தா, கட்டில் திரும்ப வருமா?" என்று என்னைக் கேட்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். "உங்கம்மா சொன்னா வரும்" என்றார் அத்தான்.

திரும்பும் வழியில், மனிதர் நல்ல நேரத்தில் இருக்கிறார், ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

"அத்தான், என் கல்யாண கால்சட்டை?"

கொஞ்ச தூரம் யோசித்தார். "அது நீ வளர்ந்ததுதான்" என்றார்.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "அவர் வாயாலயா?" என்று கேட்டாள். அவர் வாயால்தான் என்றேன். நின்றுகொண்டிருந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசை மேலிருந்த செம்பை எடுத்துவிட்டு அந்தக் கறுப்பு வட்டத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், அது போகாது என்று தெரிந்தும்.

அடுத்த சனிக்கிழமை அத்தான் மேடத்திடம் அந்த இரண்டு தொட்டியும் உண்மையில் யார் என்பதைச் சொன்னார். மேடம் திட்டிய திட்டு தடுப்பைத் தாண்டி எனக்கே கேட்டது. அத்தான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒட்டுவார், உடைப்பார். உடைந்தால், எதனால் உடைந்தது என்று ஒரு நோட்டில் எழுதுவார். நான் எடுத்துப் பார்த்தேன். 'சூடு குறைவாக வைத்தேன். கையை வேகமாக இழுத்தேன். துருவைச் சரியாகத் தேய்க்கவில்லை.' எல்லா வரியிலும் செய்தவர் அவர்தான். அரைக்கும் மிஷின் பக்கமே போகவில்லை.

மகள் மூன்று வாரம் போன் செய்யவில்லை. நான்காவது வாரம் செய்தாள். அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லவில்லை.

"குழந்தைங்க தரைலயே படுத்துட்டிருக்குங்கப்பா. எப்ப வரும்?"

"மேடம் சரின்னு சொல்லணும். சொன்னாதான்."

மேடம் சரி என்று சொல்ல ஒன்பது மாதம் ஆனது. அதற்குள் ஒரு வருஷ விதியும் முடிந்துவிட்டது. கட்டிலைக் கொட்டகையிலேயே, தன் கண் முன்னால்தான் ஒட்ட வேண்டும் என்றார். கனமான குழாய், எதிர் எதிர் மூலை, ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரித் துண்டு ஒட்டி உடைத்துக் காட்ட வேண்டும். அப்படியே நடந்தது. கடைசியில் மேடமே மேல் தட்டில் ஏறி நின்று, பஸ் கண்டக்டரையும் ஏறச் சொன்னார்.

மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் என் வேன். இந்தத் தடவை கட்டில் அழகாக இல்லை. ஒவ்வொரு மூலையிலும் ஒட்டு தடித்த தழும்பாக எழும்பி, பெயிண்டுக்கு அடியிலும் வரி வரியாகத் தெரிந்தது. அத்தான் சட்டங்களை வாசலில் சாய்த்துவைத்து, மகளிடம் சுத்தியலை நீட்டினார்.

"அடிச்சுப் பாரு."

"நான் எதுக்குப்பா? அதான் மேடம் பார்த்துட்டாங்களே."

"நீ அடிச்சாதான் உள்ள எடுத்துட்டுப் போவேன்."

அவள் ஒப்புக்கு ஒரு தட்டுத் தட்டினாள். "அப்படி இல்ல" என்றார் அத்தான். "என்னை நெனச்சுக்கிட்டு அடி."

அவள் அவரைப் பார்த்தாள். புடவை முந்தானையை இழுத்துச் சொருகினாள். அப்புறம் அடித்தாள் பாருங்கள், தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு மூலையாக, ஒன்றையும் விடாமல் அடித்தாள். குழாய் இரண்டு இடத்தில் நசுங்கியது. பெயிண்ட் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. ஒட்டு ஒன்றும் விடவில்லை. கடைசியில் மூச்சு வாங்க, தலைமுடி கலைய, சுத்தியல் கையில் தொங்க நின்றாள். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இறங்கியிருந்தன. அத்தான் அதைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நல்லவேளை, அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து சட்டத்தின் ஒரு முனையைத் தூக்கினார்.

உள்ளே கொண்டுபோய் அதே இடத்தில் மாட்டினோம். நான் பழைய ரப்பர்த் துண்டை ஞாபகமாகப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். தேவைப்படவில்லை. நான்கு காலும் தரையில் பதிந்து நின்றன. மகள் ஒவ்வொரு காலாக ஆட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் உதட்டோரத்தில் வெகு வருஷமாக நான் பார்க்காத ஒரு குறும்பு.

"என்னப்பா, எங்க வீட்டுத் தரை நேராயிடுச்சா?"

அத்தான் சுத்தியலைப் பையில் வைத்தார். பையின் வாயைக் கட்டினார்.

"தரை எப்பவும் நேராதான் இருந்துச்சு" என்றார்.